ஆறு நாளில் ஒரு வேற்றுக்கிரகம்: ஐம்பதுகளின் சிக்கன அறிவியல் புனைவுப் படங்கள்

1950-களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மலிவான அறிவியல் புனைவுப் படங்கள் நெடுநாள் வாழும் என்று அவற்றை எடுத்தவர்களே எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ படப்பிடிப்பை முடித்து, விடுமுறை நாள்களில் இளைஞர் கூட்டத்தைத் திரட்டி, போட்ட முதலை மீட்டுக்கொண்டு மறைந்துவிட வேண்டிய சரக்காகவே அவை சந்தைக்கு வந்தன. எனினும் அதே ஆண்டுகளில் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்கள் பெயரளவில் மட்டும் நினைவுகூரப்படும்போது, இவை எழுபது ஆண்டு கடந்தும் திரையிடப்படுகின்றன, பழுதுநீக்கிப் புதுப்பிக்கப்படுகின்றன, பல்கலைக்கழகங்களில் பாடமாக வைக்கப்படுகின்றன. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று, இளமைக் கால நினைவின் ஈர்ப்பு. மற்றொன்று, குறைபாடுகளைக் கண்டு சிரிக்கும் இன்பம். படம் வெளியாகி முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்களும் இவற்றைத் தேடிப் பார்ப்பதால் முதற்காரணம் போதாது. சிரிப்பு முதல் முறை பார்க்கும்போதே பெரும்பாலும் தீர்ந்துவிடுவதால், மறுமுறையும் அதன் மறுமுறையும் பார்ப்பவர்களை இரண்டாம் காரணத்தைக் கொண்டு விளக்க முடியாது. பணமின்மை இப்படங்களுக்கு ஒரு தனி வடிவத்தையே கொடுத்தது என்பதும், அந்த வடிவம் பார்வையாளரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறது என்பதும், அந்த வேலையே அவரை மீண்டும் மீண்டும் அழைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இப்படங்கள் தோன்றிய சூழலைச் சுருக்கமாகவேனும் கூற வேண்டும். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, படத் தயாரிப்பையும் திரையரங்குகளையும் ஒரே கையில் வைத்திருந்த பெரிய ஸ்டூடியோக்களின் ஆதிக்கத்தை உடைத்தது. ஒரு நல்ல படம் வேண்டுமானால் அதனோடு சேர்த்துப் பல சாதாரணப் படங்களையும் வாங்கியாக வேண்டும் என்று திரையரங்குகளைக் கட்டாயப்படுத்திய மொத்தக் கொள்முதல் முறையும் அதனால் ஒழிந்தது. தமக்கென உறுதியான திரைகள் இல்லாத நிலையில், பெரிய ஸ்டூடியோக்கள் சிறு படங்களைக் குறைத்துக்கொண்டன. ஆனால் ஒரு சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டும் இரட்டைக் காட்சி வழக்கம் தொடர்ந்ததால் சிறு படங்களின் தேவை குறையவில்லை. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் திறந்தவெளி அரங்குகள், அப்பத்தாண்டின் இறுதியில் நாடு முழுவதும் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தன. தொலைக்காட்சி பெற்றோரை வீட்டிலேயே இருத்திவிட, இந்த அரங்குகளுக்குக் காரோட்டி வந்தவர்கள் பெரும்பாலும் பதின்வயதினர். அவர்களை நம்பி 1954-இல் ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்காஃபும் தொடங்கிய நிறுவனமே பின்னர் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று பெயர் மாறியது. முதலில் தலைப்பையும் சுவரொட்டியையும் உருவாக்கி, அவற்றைத் திரையரங்கு உரிமையாளர்களிடம் காட்டி வரவேற்பு கிடைத்த பின்னரே திரைக்கதை எழுத ஆள் பிடிப்பது அந்நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது. ஆகவே சுவரொட்டி வாக்களித்ததைப் படத்தில் காட்டப் பணம் இருக்காது என்பது தொடக்கத்திலேயே தெரிந்த உண்மை. அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே இயக்குநர்களின் அன்றாடச் சிக்கலாயிற்று.

அச்சிக்கல் எப்படித் தீர்க்கப்பட்டது என்பதைக் காண, 1950-இல் சில வார இடைவெளியில் வெளியான இரு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜார்ஜ் பால் தயாரித்த 'டெஸ்டினேஷன் மூன்' வண்ணப்படம். விண்வெளி ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் தீட்டிய நிலவுப் பின்னணிகளும் அறிவியல் துல்லியமும் கொண்டு, காட்சிநுட்பத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. அதன் பெரும் விளம்பரத்தின் மீது சவாரி செய்ய எண்ணிய லிப்பர்ட் பிக்சர்ஸ் என்னும் சிறு நிறுவனம், கர்ட் நியூமன் இயக்கத்தில் 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' என்ற கறுப்பு-வெள்ளைப் படத்தை ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், மூன்று வாரத்துக்குள் எடுத்து முன்னதாகவே வெளியிட்டது. போட்டிப் படத்தைப் போலவே நிலவுக்குப் போனால் வழக்கு வருமென்ற அச்சத்தினால், நிலவை நோக்கிப் புறப்பட்ட கலம் வழிதவறிச் செவ்வாயில் இறங்குவதாகக் கதை மாற்றப்பட்டது. செவ்வாய்க்கு அரங்கம் அமைக்கப் பணமில்லாததால் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் படம்பிடித்து, அப்பகுதிச் சுருளுக்கு மட்டும் செம்பழுப்பு நிறமேற்றினார்கள்.

பணம் இல்லாமல் செய்த இந்த மாற்றங்களிலிருந்தே படத்தின் உயிர் பிறந்தது. செவ்வாயில் இறங்கியவர்கள் அங்கே அணுப்போரில் அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் எச்சங்களைக் காண்கிறார்கள்; கதிர்வீச்சினால் பார்வையிழந்து கற்கால நிலைக்குத் திரும்பிய சிலரே அங்கு எஞ்சியிருக்கிறார்கள். சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் வெளியான இப்படத்தில், எச்சரிக்கையைச் சுமந்துகொண்டு புறப்படும் கலம் எரிபொருள் தீர்ந்து பூமியில் மோதுகிறது. பயணிகளில் ஒருவரும் உயிர் பிழைப்பதில்லை. அமெரிக்க வெகுசனப் படமொன்று அந்த ஆண்டில் இப்படி முடிவது அரிது. இடதுசாரித் தொடர்புக்காகக் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு வெளிப்படையாக எழுத இயலாதிருந்த டால்டன் ட்ரம்போ இத்திரைக்கதையில் பெயரின்றிப் பங்களித்ததாகத் திரை வரலாற்றாசிரியர்கள் கூறுவதும் இங்கே கருதத்தக்கது. 'டெஸ்டினேஷன் மூன்' காட்டிய நிலவை 1969-இல் உண்மையான நிலவு பழையதாக்கிவிட்டது. 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' எழுப்பிய கேள்வியை எந்த விண்கலமும் பழையதாக்கவில்லை.

பணமின்மை காட்சியமைப்பின் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எட்கர் ஜி. உல்மர் இயக்கிய 'தி மேன் ஃப்ரம் பிளானட் எக்ஸ்' (1951) சிறந்த சான்று. பெர்லினின் மௌனப்பட உலகில் பயின்று, ஹாலிவுட்டின் மிக ஏழ்மையான நிறுவனங்களில் வாழ்நாளைக் கழித்த உல்மர், இப்படத்தை ஆறே நாளில் முடித்தார். இங்கிரிட் பெர்க்மன் நடித்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' என்ற பெரும்படத்துக்காக எழுப்பப்பட்டு எஞ்சி நின்ற அரங்கங்களே இங்கே ஸ்காட்லாந்துக் கோபுரமாயின. அரங்கின் விளிம்புகளும் வரைந்த பின்னணியும் தெரியாதிருக்கப் படம் முழுவதும் புகைமூட்டம் செலுத்தப்பட்டது. அந்த மூட்டத்தின் நடுவே, கண்ணாடிக் கவசத்துக்குள், அசையாத வெளிறிய முகத்தோடு வேற்றுக்கிரகத்தான் நிற்கிறான். முகமூடி விறைப்பானது, உதடு அசையாது, புருவம் ஏறாது. பேச்சுக்குப் பதிலாக அவனிடமிருந்து எழுவது சில இசைத்தொனிகள் மட்டுமே.

முகமூடியின் இந்தக் குறைபாட்டையே உல்மர் கதையின் மையமாக்கிக் கொண்டார். வந்திருப்பவன் நண்பனா பகைவனா என்பது அந்த முகத்திலிருந்து யாருக்கும் தெரிவதில்லை. எனவே படத்தில் உள்ளவர்களும் சரி, அரங்கில் இருப்பவர்களும் சரி, தங்கள் மனத்திலுள்ளதையே அதன்மீது ஏற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. பத்திரிகையாளனான நாயகன் அதில் ஓர் உதவி வேண்டுதலைக் காண்கிறான். பேராசை பிடித்த விஞ்ஞானி மியர்ஸ், வடிவியல் உருவங்களின் மூலம் அவனோடு கருத்துப் பரிமாறக் கற்றுக்கொண்டதும், அவன் கலம் செய்யப்பட்ட உலோகத்தின் இரகசியத்தைப் பிடுங்குவதற்காக அவன் மூச்சுக்கருவியின் குழாயடைப்பைத் திருகி மூச்சுத்திணறச் செய்கிறான். அசையாத முகம் வலியைக் காட்டுவதில்லை. திருகும் கையும் தளரும் உடலும் மட்டுமே திரையில் தெரிகின்றன. இன்றைய கணினி வரைகலை அந்த முகத்தில் நூறு நுண்சுருக்கங்களைக் காட்டிவிடக்கூடும். ஆனால் வலியைத் தானே கற்பித்துக்கொள்ளும் வேலை பார்வையாளருக்கு மிஞ்சியிருக்காது. தெருக்கூத்தில் இருவர் பிடித்திருக்கும் துணித்திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் வேடதாரியைத் துரியோதனனாகவே அவை ஏற்றுக்கொள்வதைப் போல, இங்கும் நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு நிகழ்கிறது. அவ்வுடன்பாட்டில் பார்ப்பவரும் படைப்பாளியாகிறார்.

இச்சிக்கனத்தின் மறுபக்கம் இடங்களைப் பற்றியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில், ஹாலிவுட்டிலிருந்து சிறு தொலைவில், பிரான்சன் கேன்யன் என்றொரு கைவிடப்பட்ட கல்குவாரி உண்டு. குடைந்தெடுத்த குகைகளும் செங்குத்தான பாறைச் சுவர்களும் கொண்ட அந்தச் சிறு இடமே ஐம்பதுகளின் எண்ணற்ற படங்களில் வேற்றுக்கிரகமாகவும், அணுப்போருக்குப் பிந்தைய பாழ்நிலமாகவும், அரக்கர்களின் ஒளிவிடமாகவும் வருகிறது. கேமராவைச் சற்றே திருப்பினால் நகரத்தின் வீடுகள் தெரிந்துவிடும் என்பதால், இவ்வகைப் படங்களில் வானத்தைப் பின்னணியாகக் கொண்ட தாழ்கோணங்களும் நெருக்கமான சட்டகங்களும் மிகுந்திருக்கின்றன. அதனால் ஏற்படும் அடைபட்ட உணர்வு, தப்பிக்க வழியற்றவர்களைப் பற்றிய கதைகளுக்குத் தற்செயலாகப் பொருந்திப்போனது.

ஸ்டான்ஃபோர்டில் தொழிற்பொறியியல் பயின்ற ரோஜர் கார்மன், இந்தத் தற்செயலைத் திட்டமிட்ட முறையாக மாற்றியவர். எழுத்தாளர் சார்லஸ் கிரிஃபித்துடன் அவர் உருவாக்கி, 1957-இல் ஒரே இரட்டைக் காட்சியாக வெளிவந்த இரண்டு படங்கள் இதைக் காட்டுகின்றன. 'நாட் ஆஃப் திஸ் எர்த்' படத்தின் வேற்றுக்கிரகத்தானுக்கு முகமூடியோ கவச உடையோ கிடையாது. கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பெட்டி என்ற கோலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் நடந்து, அழிந்துவரும் தன் இனத்துக்காக மனித இரத்தம் சேகரிக்கும் அவன் கண்ணாடியைக் கழற்றும் வேளையில் மட்டும் கருவிழியற்ற வெண்கண்கள் தெரிகின்றன. 'அட்டாக் ஆஃப் தி கிராப் மான்ஸ்டர்ஸ்' படத்திலோ, ஆய்வுக்காகத் தீவுக்குச் சென்றவர்களை விழுங்கும் நண்டுகள் அவர்களின் மூளையையும் அறிவையும் சேர்த்தே உட்கொண்டுவிடுகின்றன. இறந்தவரின் பழகிய குரல், இரவில் வானொலிப் பெட்டி போன்ற உலோகப் பொருள்களின் வழியே எழுந்து, உயிரோடிருக்கும் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. தீவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் சரிவதும் பெரும்பாலும் வெடியோசையாகவும் அதைக் கேட்டுத் திடுக்கிடும் முகங்களாகவுமே சொல்லப்படுகிறது. பொம்மை நண்டு திரையில் வந்து நிற்கும்போது அச்சம் குறைவது உண்மை. அந்த நண்டு வாய்திறக்காமல் ஒரு தோழனின் குரலில் பேசும்போது உண்டாகும் நடுக்கம் மட்டும் இன்றும் குறையவில்லை. செத்தவரின் குரலைப் பதிவுசெய்ய ஒரு நடிகரும் ஓர் ஒலிவாங்கியும் போதும்.

இவ்வகையின் உச்சம் டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' (1956). சுமார் நான்கு லட்சம் டாலர் செலவான இப்படம் மேற்கூறியவற்றை நோக்கச் செல்வச் செழிப்பானது எனினும், ஸ்டூடியோக்களின் அளவுகோலில் சிறு படமே. வானத்திலிருந்து வந்த விதைகள் பெரிய காய்களாக முளைத்து, உறங்கும் மனிதரின் அச்சு அசலான பதிலிகளை உருவாக்குகின்றன. பதிலிக்கு நினைவு உண்டு, அன்பு மட்டும் கிடையாது. அசலுக்கும் பதிலிக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லையாதலால் ஒப்பனைச் செலவும் இல்லை. படத்தின் மிக அச்சமூட்டும் காட்சி ஒரு காலை நேரத்து ஊர்ச்சதுக்கம். மருத்துவரும் அவர் காதலியும் மாடிச் சாளரத்தின் திரைத்தட்டி வழியே கீழே பார்க்கிறார்கள். சனிக்கிழமைக்குரிய சாதாரண நடமாட்டம். ஒரு பேருந்து வந்து நின்று புறப்படுகிறது. வெளியூர்க்காரர் எவரும் இல்லை என்று உறுதியானதும், அதுவரை தனித்தனியே நின்ற ஊர்மக்கள் யாரும் அழைக்காமலே நடுவில் கூடுகிறார்கள். காய்களை ஏற்றிய லாரிகள் வருகின்றன. அண்டை ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் முன்வந்து, விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்குவோரின் அமைதியோடு, ஆளுக்குச் சில காய்களைப் பெற்றுக்கொண்டு கலைகிறார்கள். பகல் வெளிச்சம், சியரா மாட்ரே என்ற உண்மையான சிற்றூர், நடிகர் கூட்டம், சில போலிக் காய்கள் ஆகியவற்றால் ஆன இக்காட்சியில் காட்சிநுட்ப வித்தை ஒன்றுகூட இல்லை.

பதிலிகள் கம்யூனிஸ்ட்டுகளைக் குறிக்கின்றனவா, கம்யூனிஸ்ட்டுகளை வேட்டையாடிய செனட்டர் மெக்கார்த்தியின் ஆதரவாளர்களைக் குறிக்கின்றனவா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராமல் நடக்கிறது. இரு தரப்பும் ஒரே படத்தை ஆதாரமாகக் காட்ட முடிவதற்குக் காரணம், எதிரி சீருடையோ கொம்போ இல்லாமல் வருவதுதான். அடையாளம் காட்டப் பணமில்லாத படம் எல்லா அடையாளங்களுக்கும் இடம் கொடுக்கிறது. 1978-இலும் 1993-இலும் இக்கதை புதிய ஊர்களுக்கும் புதிய அச்சங்களுக்கும் பெயர்த்து எடுக்கப்பட்டமைக்கும் இதுவே வழிவகுத்தது.

சூசன் சொன்டாக் 1965-இல் எழுதிய 'பேரழிவின் கற்பனை' என்ற புகழ்பெற்ற கட்டுரை, அறிவியல் புனைவுப் படங்களின் பொருள் அறிவியல் அன்று, பேரழிவே என்று நிறுவியது. நகரங்கள் நொறுங்குவதைப் பாதுகாப்பாக அமர்ந்து பார்க்கும் இன்பம், அணுயுகத்தின் உண்மையான அச்சத்தைப் பழகிப்போகச் செய்துவிடுகிறது என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. செலவு மிகுந்த வண்ணப்படத்துக்கு ஒரு கதைப்போக்கும் சிக்கனமான கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு வேறொன்றும் உண்டு என்பதை அவரே பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆயினும் அந்த வேறுபாட்டின் விளைவை அவர் போதிய அளவு தொடரவில்லை என்றே சொல்ல வேண்டும். நகரத்தை நொறுக்கிக் காட்ட வசதியில்லாத படத்தில் நொறுங்கும் இன்பம் எப்படிக் கிடைக்கும்? அங்கே பார்வையாளருக்குக் கிடைப்பவை அழிவைக் கேள்விப்பட்ட ஒருவரின் முகமும், எடுத்துப் பேசுவாரில்லாத தொலைபேசியும், தான் சொல்வதை நம்பாத காவலரிடம் மன்றாடும் ஒரு குரலுமே. சொன்டாக்கின் குற்றச்சாட்டு பணக்காரப் படங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறதோ, ஏழைப் படங்களுக்கு அவ்வளவு பொருந்துவதில்லை.

எல்லாச் சிக்கனப் படங்களும் உல்மர் படத்தைப் போலவோ சீகல் படத்தைப் போலவோ தேறியவை என்று இதற்குப் பொருளில்லை. ஃபில் டக்கர் 1953-இல் நான்கு நாளில் எடுத்த 'ரோபோ மான்ஸ்டர்' தோல்வியுற்ற படம். உலகத்தை அழிக்க வந்தவனாகிய ரோ-மேனுக்கு இயந்திரமனித உடை தைக்க வழியில்லாமல், ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகர் சொந்தமாக வைத்திருந்த கொரில்லா உடையை அவருக்கே அணிவித்து, தலையில் கம்பிகள் பொருத்திய முத்துக்குளிப்புக் கவசம் போன்ற ஒன்றைக் கவிழ்த்தார்கள். பிரான்சன் குகை வாயிலில் ஒரு மேசை, அதன்மீது ஒரு கருவி, அதிலிருந்து இடைவிடாமல் எழும் சோப்புக் குமிழிகள். இதுவே அண்டவெளித் தலைமையகம். இவ்வளவு இருந்தும், அழிக்க வேண்டும் என்ற கட்டளைக்கும் அழிக்க முடியாத மனத்துக்கும் இடையே அகப்பட்ட ரோ-மேன் தனியே நின்று புலம்பும் இடத்தில், உடையின் அபத்தத்தையும் மீறி ஏதோ ஒன்று கேட்பவரைத் தொடுகிறது. அதற்குத் துணைநின்ற இசை எல்மர் பெர்ன்ஸ்டீனுடையது. பின்னாளில் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' படத்துக்கு இசையமைத்துப் புகழ்பெற்ற அவர், அரசியல் ஐயத்தின் பேரில் பெரிய ஸ்டூடியோக்களால் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் இதுபோன்ற படங்களில் பணிபுரிந்தார். ட்ரம்போவையும் பெர்ன்ஸ்டீனையும் சேர்த்துப் பார்த்தால், கறுப்புப் பட்டியல் காலத்தின் கொடுமை தன் நோக்கத்துக்கு மாறாக இந்த ஏழைப் படங்களுக்குத் திறமையை அனுப்பிவைத்தது புலனாகும்.

இத்தகைய படங்களை விரும்புவோரைப் பற்றி ஜெஃப்ரி ஸ்கான்ஸ் 1995-இல் எழுதிய ஆய்வு முக்கியமானது. கதை தன் பிடியை இழக்கும்போது பார்வையாளரின் கவனம் கதைக்கு வெளியே சென்று, அன்று கேமராவுக்கு முன் உண்மையில் நின்ற மனிதர்கள்மீதும் பொருள்கள்மீதும் படிகிறது என்றும், அப்போது புனைவுப் படம் தன்னைத் தயாரித்த நாள்களின் ஆவணப்படமாக மாறுகிறது என்றும் அவர் காட்டினார். எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' இப்படித்தான் பார்க்கப்படுகிறது. 1956-இல் காலமான நடிகர் பேலா லுகோசியின் சில துண்டுக் காட்சிகளை வைத்துக்கொண்டு, மீதிக்கு முகத்தை மேலங்கியால் மறைத்த வேறொருவரை நடக்கவிட்ட அப்படத்தில், நண்பனின் கடைசிப் பிம்பங்களை வீணாக்க மனமில்லாத ஒருவரின் பிடிவாதம் தெளிவாகவே தெரிகிறது. 1980-இல் வெளியான 'கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்ற நூல் அதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்ததும், 1988-இல் மினியாபொலிஸ் உள்ளூர் நிலையமொன்றில் தொடங்கிய 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' தொடர் இவ்வகைப் படங்களை ஓடவிட்டுக் கூடவே கிண்டல் செய்ததும் புதிய தலைமுறையை இப்படங்களின்பால் ஈர்த்தன என்பதை மறுக்க முடியாது. கிண்டலுக்காக வந்தவர்களில் கணிசமானோர் அன்போடு தங்கிவிட்டார்கள் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி.

அந்த அன்புக்கு ஊரளவிலான சான்று 'தி பிளாப்' (1958). பென்சில்வேனியாவில் சமயப் படங்கள் எடுத்துவந்த இர்வின் யேவர்த் குழு எடுத்த இப்படத்தில், விண்கல்லிலிருந்து வெளிப்பட்டு, கண்டவரையெல்லாம் உட்கொண்டு பெருகும் செந்நிறக் கூழ் என்பது சாயமேற்றிய சிலிகோன் பிசின். சிறு மாதிரி அமைப்புகளைக் கேமராவோடு சேர்த்துச் சாய்த்தால் பிசின் தன் எடையிலேயே வழியும்; திரையில் அது தானே ஊர்ந்து வருவதாகத் தோன்றும். ஃபீனிக்ஸ்வில் ஊரின் கலோனியல் திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கூழுக்கு அஞ்சி வாசல் வழியே பீறிட்டு ஓடும் காட்சி அங்கேயே படமாக்கப்பட்டது. இன்றும் அவ்வூரில் கோடைதோறும் நடக்கும் விழாவில் மக்கள் அதே திரையரங்கிலிருந்து அதேபோல அலறியபடி ஓடி வருகிறார்கள். படத்தின் முடிவு ஐம்பதுகளில் எவரும் எண்ணியிராத பொருளை இன்று பெற்றிருக்கிறது. குளிரில் மட்டுமே உறையும் கூழை விமானத்தில் ஏற்றி வடதுருவப் பனியில் இறக்கிவிடுகிறார்கள். அப்பனி உருகாதிருக்கும்வரை ஆபத்தில்லை என்ற ஆறுதலோடு, முடிவு என்ற சொல் திரையில் கேள்விக்குறியாக மாறுகிறது.

இனி, இப்படங்கள் எவ்வழியாக இன்றுவரை வந்து சேர்ந்தன என்ற கேள்வி. 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்துக்கு முதலில் 28 ஆண்டுப் பதிப்புரிமை இருந்தது. அது முடியும்போது மனுச்செய்து புதுப்பிக்காவிட்டால் படம் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் தவறாமல் புதுப்பித்தன. கலைந்துபோன சிறு நிறுவனங்களின் படங்களுக்கு அதைச் செய்ய ஆளில்லை. கார்மன் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்த, மனிதரைத் தின்னும் செடியைப் பற்றிய 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படமும் பதிப்புரிமைப் பாதுகாப்பின்றி விடப்பட்டது. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) தலைப்பை மாற்றியபோது உரிமை அறிவிப்பு வரி விடுபட்டுப்போனதாலேயே பொதுச்சொத்தாயிற்று. கட்டணம் இல்லாத இப்படங்களை உள்ளூர்த் தொலைக்காட்சிகள் நள்ளிரவில் ஓயாமல் ஒளிபரப்பின. மலிவு விலை வீடியோ நாடாக்களும் குறுந்தகடுகளும் பின்னர் இணையக் காப்பகங்களும் அவற்றைப் பெருக்கின. உரிமையாளரின் அலட்சியமே படத்தின் நீண்ட ஆயுளாகியது. படைத்தவர்களுக்கு அதனால் ஒரு காசும் சேரவில்லை என்பது இவ்வரலாற்றின் வேதனையான பகுதி.

பிறர் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி உருமாற்றும் வழக்கமும் இருந்தது. சோவியத் இயக்குநர் பவெல் குலுஷந்த்சேவ் 1962-இல் எடுத்த, வெள்ளிக் கோள் பயணத்தைப் பற்றிய 'பிளனேதா பூர்' படத்தின் உரிமையைக் கார்மன் வாங்கி, புதிய காட்சிகளைச் செருகி இரண்டு வெவ்வேறு அமெரிக்கப் படங்களாக வெளியிட்டார். மற்றொரு சோவியத் படத்தை 'பேட்டில் பியாண்ட் தி சன்' என்ற பெயரில் மாற்றியமைத்த இளைஞர் பின்னாளில் 'தி காட்ஃபாதர்' எடுத்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. பனிப்போரின் உச்சத்தில் சோவியத் விண்வெளி வீரர்கள் அமெரிக்கப் பெயர்களோடு டிரைவ்-இன் திரைகளில் நடந்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓரிடம் உண்டு. 'ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம்' படத்தை வெளியிட்ட அதே லிப்பர்ட் நிறுவனம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரத்தோடு இணைந்து 1952-இல் 'தி ஜங்கிள்' என்ற படத்தை வில்லியம் பெர்க் இயக்கத்தில் இந்தியாவில் எடுத்தது. தமிழில் அது 'காடு' என்று வெளியானது. ராட் கேமரன், மேரி விண்ட்சர், சீசர் ரொமேரோ ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் நடித்த அக்கதையில், காட்டு யானைகள் வெறிகொண்டு ஊருக்குள் பாய்வதற்குக் காரணம், அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மாமத் என்னும் சடைமயிர் யானைகள் என்று தெரியவருகிறது. அந்த மாமத்துகள், நீண்ட மயிர்ப்போர்வை போர்த்தப்பட்ட உண்மை யானைகளே. கொரில்லா உடைக்கும் பொம்மை நண்டுக்கும் நடுவே, உயிருள்ள யானையே வேடமிட்டு நடித்த பெருமை சேலத்துக் கூட்டு முயற்சிக்கு உரியது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' (1963), அறிவியலில் தேர்ந்தும் இசை அறியாத கோளொன்றின் மனிதர்கள் பாடகி ஒருத்தியைக் கடத்திச் செல்வதாகக் கதை அமைத்தது. அமெரிக்க வேற்றுக்கிரகத்தார் இரத்தத்தையும் உலோகத்தையும் உடலையும் தேடி அலைந்த காலத்தில், தமிழ்த் திரைக்கு வந்தவர்கள் பாட்டைத் தேடி வந்தார்கள் என்பது அந்தந்தச் சமூகம் எதை இழக்க அஞ்சியது என்பதற்கு நல்ல சான்று.

இல்லாமையைக் கட்டாயமாக அன்றி, தெரிந்தே தேர்ந்துகொண்டவர்கள் பிரான்சில் தோன்றினார்கள். கிறிஸ் மார்க்கர் எடுத்த 'லா ஜெத்தே' (1962), மூன்றாம் உலகப்போருக்குப் பிந்தைய காலப்பயணத்தை 28 நிமிடத்தில், ஏறத்தாழ முழுவதும் அசையாப் புகைப்படங்களைக் கொண்டே சொல்கிறது. உறங்கும் பெண் கண் திறந்து பார்க்கும் ஓரிரு நொடி மட்டும் பிம்பம் அசைகிறது. சினிமாவின் மிகச் சாதாரணமான வசதி அங்கே அற்புதமாகிவிடுகிறது. கோதார் தன் 'ஆல்ஃபாவில்' (1965) படத்துக்கு ஓர் எதிர்கால அரங்கமும் கட்டவில்லை. அன்றைய பாரிஸின் புதிய கண்ணாடிக் கட்டடங்களை இரவில் படம்பிடித்து, தொண்டையில் கருவி பொருத்திப் பேசும் ஒருவரின் கரகரத்த குரலைக் கணினியின் குரலாக்கினார்.

இத்தாலியில் மரியோ பாவா இயக்கிய 'டெர்ரோரே நெல்லோ ஸ்பாஸியோ' (1965) அமெரிக்கன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் கூட்டுத் தயாரிப்பு. தமக்குக் கிடைத்தவை புராணப்படம் ஒன்றில் மிஞ்சிய இரண்டு நெகிழிப் பாறைகள் மட்டுமே என்றும், அரங்கைப் புகையால் மூடி ஒரு கோளையே உண்டாக்கியதாகவும் பாவா சொல்லியிருக்கிறார். அப்படத்தில் விண்வெளி வீரர்கள் ஒரு பாழடைந்த அன்னியக் கலத்துக்குள் இராட்சத எலும்புக்கூட்டைக் காணும் காட்சி, ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979) படத்தில் வரும் இதுபோன்ற காட்சிக்கு முன்னோடி என்று ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். 'ஏலியன்' படத்துக்கு மற்றொரு வேரும் உண்டு. ஜான் கார்ப்பெண்டரும் டான் ஓபேனனும் மாணவப் படமாகத் தொடங்கி, சுமார் 60,000 டாலரில் முடித்த 'டார்க் ஸ்டார்' (1974) படத்தில், கலத்துக்குள் உலவும் அன்னிய உயிர் என்பது கால்கள் பொருத்திய ஒரு கடற்கரைப் பந்து. நகைச்சுவைக்காக வைத்த அக்காட்சிக்கு அரங்கில் எதிர்பார்த்த சிரிப்பு எழவில்லை. சிரிக்காதவர்களை அஞ்சவாவது வைக்கலாம் என்று எண்ணிய ஓபேனன், அதே சூழ்நிலையை அச்சக் கதையாக எழுதியதிலிருந்தே 'ஏலியன்' திரைக்கதை பிறந்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் கையிலிருந்தும், உயரமான ஒரு மனிதர் உடையணிந்து நடித்த அவ்வுயிரை ஸ்காட் முழு உருவமாகச் சில கணங்களுக்கு மேல் காட்டவில்லை. வெளிச்சத்தில் நிறுத்தினால் அது உடையணிந்த மனிதராகவே தெரியும் என்பதால், கையையும் வாலையும் நீரில் நனைந்த தாடையையும் தனித்தனியே காட்டிவிட்டு, மீதி உடலை இருட்டில் வைத்துப் பார்வையாளரிடம் விட்டுவிட்டார்.